குழாயில் சாகும், உடம்பில் சாகுமா?

ஸ்ரீமுஷ்ணம் பக்கம் கறவை மாடு ஒன்று கன்று வீசினால், நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுத்துப் போடுகிறவருக்குப் புருசெல்லா கிருமி தொற்றலாம். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இடுப்பு வலி, ராத்திரி வியர்வை. ரத்தத்தில் கிருமி கிடைத்து, எந்த ஆன்டிபயாடிக் கேட்கும் என்று லேபில் சோதித்தும் பார்த்தாயிற்று என்றே வைத்துக்கொள்ளுங்கள். (அதுவே பெரிய விஷயம். லேப் ஊழியருக்கே தொற்றும் கிருமி இது!) ரிப்போர்ட்டில் செஃப்ட்ரியாக்சோன் கேட்கும் என்று இருக்கிறது. உடனே ஊசியா?

இங்கேதான் தப்பு. சோதனைக் குழாயில் கிருமி வெட்டவெளியில் நிற்கிறது. உடம்பிலோ வெள்ளை அணுக்களுக்குள்ளே, அமிலம் நிறைந்த பையில் பதுங்கியிருக்கிறது. குழாயில் நன்றாக வேலை செய்யும் அசித்ரோமைசின், அமிலத்தில் வீரியம் இழந்துவிடும். டாக்ஸிசைக்ளின் அங்கேயும் தாக்குப்பிடிக்கும். உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே டாக்ஸிசைக்ளினோடு ரிஃபாம்பிசின், ஆறு வாரம் என்று சொல்லிவிட்டது. ஒற்றை மருந்து, பத்து நாள் என்றால் காய்ச்சல் திரும்பி வரத்தான் செய்யும்.

அந்த ரிஃபாம்பிசின் காசநோய்க்கும் முக்கிய மருந்து. உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் இருக்கும் நாட்டில், காசநோய் இல்லை என்று உறுதி செய்யாமல் அதைத் தொடுவது கிறுக்குத்தனம். உள்ளே காசநோய்க் கிருமி இருந்தால், அது அந்த மருந்துக்கே பழகிவிடும்.

மாடு வளர்க்கிறீர்களா, காய்ச்சாத பால் குடித்தீர்களா என்று டாக்டர் கேட்க அரை நிமிடம் போதும். அவர் கேட்டு எழுதி அனுப்பினால்தானே எதைத் தேடுவது என்று லேபுக்கும் தெரியும்?