ஓசி ரோலர் கோஸ்டர்

ஓமலூர் வாசகர் ஒருவர் கோபமாகக் கடிதம் போட்டிருக்கிறார். 'வாரா வாரம் ரோலர் கோஸ்டர், ராட்டினம் என்று மாய்ந்து மாய்ந்து எழுதுகிறீர். எங்கள் பக்கம் ஒரு தீம் பார்க் வர வேண்டும் என்று ஒரு வரி எழுதினீரா? ஏற்காட்டில் ஏரியையும் லேடீஸ் ஸீட்டையும் விட்டால் என்ன இருக்கிறது? வயசுப் பையன்களுக்கு ஒரு த்ரில் வேண்டாமா?'

நியாயமான கேள்வி. பதில் சொல்வதற்கு முன்னால் என் யோக்யதாம்சங்களைச் சொல்லிவிடுகிறேன்.

தாம்பரம் பக்கத்தில் கிஷ்கிந்தா ஆரம்பித்த காலத்தில் பிடித்த பைத்தியம் இது. 'மை டியர் குட்டிச்சாத்தா'னை 3-டியில் எடுத்து மூக்குக்கு நேரே ஐஸ்க்ரீமை நீட்டினாரே நவோதயா அப்பச்சன், அவர் 1995-ல் ஆரம்பித்த பார்க். அன்றிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் மற்றவர்கள் கோயில் எங்கே என்று கேட்பார்கள், நான் ராட்டினம் எங்கே என்று கேட்பேன். சில திடமான அபிப்பிராயங்களும் உண்டு. தண்ணீர்ச் சறுக்கு என்பது ரைடு அல்ல, குளியல். (குளியல் என்ற முறையில் மேட்டுப்பாளையம் ப்ளாக் தண்டருக்கு முதல் மார்க்.) ஜெயன்ட் வீல் காதலர்களுக்கானது, தனியாக ஏறுகிறவனைப் பார்த்தால் பாவமாக இருக்கும். கொலம்பஸ் கப்பலில் தயிர் சாதம் சாப்பிட்டுவிட்டு ஏறுபவனுக்குப் பக்கத்தில் உட்காரக் கூடாது.

ஸ்டெபிலைசர் விற்ற கொச்சவுசேப் சிட்டிலப்பிள்ளி 2000-ல் கொச்சியில் வீகாலேண்ட் திறந்தார். 2005-ல் பெங்களூரில் வொண்டர்லா. சென்னைக்காரர்கள் அதைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டதற்கு, 2025 டிசம்பரில்தான் திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் நமக்கென்று ஒன்று வந்தது. அதில் 'தஞ்சோரா' என்று ஒரு கோஸ்டர். ஸ்விட்சர்லாந்தின் பொலிகர் அண்ட் மபிலார்ட் செய்தது. தண்டவாளம் தலைக்கு மேலே, கால் அந்தரத்தில். கோஸ்டர் பைத்தியங்களுக்கு அந்தக் கம்பெனிப் பெயர், சங்கீதப் பைத்தியங்களுக்கு செம்மங்குடி மாதிரி. பயணம் முழுக்க எலும்பு ஒன்றுகூட அதிராது, பயம் மட்டும் அதிரும்.

ஆச்சா? இப்போது ஏற்காட்டுக்கு வருவோம்.

ஓமலூர்க்காரரே, உங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருபது கொண்டை ஊசி வளைவுகளோடு ஒரு ஓசி ரோலர் கோஸ்டரே இருக்கிறது என்று நானும் ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். அதற்குச் சரித்திர ஆதாரமும் கையில் வைத்திருந்தேன். அமெரிக்க ரோலர் கோஸ்டர் பிறந்தது பார்க்கில் இல்லை ஸார், மலையில்!

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் மாச் சங்க் என்று ஒரு ஊர். 1827-ல் அங்கே மலை மேலிருந்து நிலக்கரியை இறக்க ஒரு ரயில் பாதை போட்டார்கள். எஞ்சின் கிடையாது. பிரேக்கைப் பிடிக்க ஒரு ஆள், மற்றதெல்லாம் புவியீர்ப்பு. காலி வண்டிகளைத் திரும்ப மேலே இழுக்கக் கோவேறு கழுதைகள். இறங்கும்போது அந்தக் கழுதைகளும் ஒரு வண்டியில் ஜம்மென்று ஏறி வந்தன. கழுதையே அனுபவிக்கிறது, நமக்கென்ன என்று ஜனங்களும் காசு கொடுத்து ஏற ஆரம்பித்தார்கள். இந்த மாதிரி சமாசாரத்தைத்தான் 1884-ல் லாமார்க்கஸ் தாம்ஸன் என்பவர் நியூயார்க் கோனி ஐலண்டில் மரத்தில் கட்டி, தலைக்கு ஐந்து ஸென்ட் வசூலித்தார். ஆக அமெரிக்க ரோலர் கோஸ்டருக்குத் தாய் வீடு மலைப் பாதைதான்.

இந்தத் தத்துவத்தை நானும் லெட்ஜரும் 2015-ல் ஏற்காட்டில் நேரடியாகப் பரிசோதித்தோம்.

லெட்ஜர் என்பது அப்போது என்னோடு வேலை பார்த்த நண்பன். டீக்கடை பாக்கியைக்கூட வரவு செலவு கோடு போட்டு எழுதுவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பழைய நூறு ஸிஸி பைக்கில் ஏற்காடு போனோம். ஏரியில் படகு, அண்ணா பூங்கா, பகோடா பாயின்ட், சேர்வராயன் கோயில் எல்லாம் முடித்து, லேடீஸ் ஸீட்டில் நின்று கீழே சேலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது லெட்ஜர் சொன்னான்:

"மச்சான், இங்கேர்ந்து அடிவாரம் வரைக்கும் இருபது கிலோ மீட்டர். முழுக்க இறக்கம். எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு இறங்கினா லிட்டர்ல மூணுல ஒரு பங்கு மிச்சம். இருபது ரூபாடா!"

நானும் பி.காம். தட்ட முடியுமா? அதோடு எனக்கு அது இருபது ரூபாய் விஷயமாகவே தெரியவில்லை. முதல் உச்சியில் ஏற்றி விட்டுவிட்டால் அப்புறம் எஞ்சினே இல்லாமல் ஓடுவதுதானே கோஸ்டர்? இது மாச் சங்க்! நான் கழுதை! (அன்றைக்கு இதைப் பெருமையாகத்தான் நினைத்தேன்.)

நியூட்ரலில் போட்டு சாவியைத் திருப்பினேன். ஆஹா! சத்தமே இல்லை. காற்று மட்டும். காப்பிச் செடி வாசனை. சில்வர் ஓக் மரங்கள் சர்சர்ரென்று பின்னால் ஓடுகின்றன. இருபது, பத்தொன்பது, பதினெட்டு என்று வளைவு போர்டுகள் ராக்கெட் விடுகிற மாதிரி இறங்குவரிசையில் வருகின்றன. லெட்ஜர் பின்னால் இரண்டு கையையும் தூக்கி 'ஊ' என்றான்.

பன்னிரண்டாவது வளைவில் ஏதோ தீய்ந்த வாசனை வந்தது. யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்றேன். பத்தாவது வளைவில் பிரேக்கை வழக்கத்தைவிட ஆழமாக மிதிக்க வேண்டியிருந்தது. ஒன்பதை நெருங்கும்போது மிதித்தேன், கால் பாட்டுக்குப் போனது. கையில் அழுத்தினேன், லீவர் ஹேண்டில்பாரைத் தொட்டது. வண்டி மட்டும் நிற்கவில்லை. எதிரே கீழிருந்து அரசு பஸ் ஒன்று வளைவில் மூக்கை நீட்டியது.

இதற்கு அப்புறம் நடந்ததை லெட்ஜர் ஒரு மாதிரியும் நான் ஒரு மாதிரியும் சொல்வோம். முடிவு ஒன்றுதான். இடது பக்கம் மலைச் சரிவோரம் இருந்த வாய்க்காலில் வண்டியை விட்டேன். வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். லெட்ஜர் உண்ணிச் செடிப் புதருக்குள். எனக்கு முட்டியில் சதை பெயர்ந்தது, அவனுக்கு மணிக்கட்டு எலும்பில் விரிசல், கண்ணாடி காணோம்.

பஸ்ஸை நிறுத்திவிட்டு டிரைவர் இறங்கி வந்தார். ஐம்பது வயசு இருக்கும். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை. பைக்கின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் உள்ளங்கையை நீட்டி, அடுப்பைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"நியூட்ரல்ல வந்தீங்களா தம்பி?"

தலையை ஆட்டினேன்.

"ஏறுன கியர்லயேதானுங்க எறங்கணும். வண்டியைப் புடிச்சு வெக்கிறது எஞ்சினு. பிரேக்கு சும்மா நிறுத்தறதுக்கு." அப்புறம் சாலையின் இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் காட்டினார். "இங்க உங்க கைப்பக்கம் மலை இருந்துச்சு. வளைவு திரும்பிட்டீங்கன்னா உங்க கைப்பக்கம் பள்ளம் தம்பி."

அவ்வளவுதான் சொன்னார். கண்டக்டர் முதலுதவிப் பெட்டியிலிருந்து பஞ்சு எடுத்துக் கொடுத்தார். பஸ் கர்ர்ர் என்று இரண்டாவது கியரில் ஏறிப் போயிற்று. நாங்கள் வாய்க்கால் ஓரமாக உட்கார்ந்திருந்தோம். ரொம்ப நேரத்துக்கு இரண்டு பேரும் எதுவும் பேசவில்லை.

அப்புறம் எங்கள் தெரு பிஸிக்ஸ் வாத்தியாரிடம் கேட்டேன். அவர் ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டார். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,515 மீட்டர். அடிவாரம் வரை இறக்கம் 1,100 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், இரண்டு தடியன்களும் ஒரு பைக்குமாக 260 கிலோ எடை அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிவரும் சக்தி, ஒன்பது லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமாம். ஒன்பது லிட்டர்! ஒரு நிச்சயதார்த்தத்துக்கே காப்பி கொடுக்கலாம். காற்றும் டயரும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். எஞ்சினையும் தூங்க வைத்துவிட்டால், மிச்சச் சூடு முழுவதும் உள்ளங்கை அகலமுள்ள இரண்டு பிரேக் டிரம்முக்குள்தான் போக வேண்டும். டிரம் சூட்டில் விரிகிறது, ஷூவின் பிடிப்பு போகிறது, வண்டி போய்க்கொண்டே இருக்கிறது.

கியரில் இருந்தால் கதை வேறு. ஆக்ஸிலேட்டரை விட்டதும் சக்கரம்தான் எஞ்சினைச் சுற்ற வேண்டியிருக்கும். அந்தச் சுமையே வண்டியைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும். இப்போது வருகிற ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் இன்னொரு வேடிக்கை. கியரில் ஆக்ஸிலேட்டரை முழுசாக விட்டு இறங்கினால் உள்ளேயிருக்கும் கம்ப்யூட்டரே பெட்ரோலை நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில் எஞ்சின் ஓடினால்தான் செலவு. ஆக, அந்த மாதிரி வண்டியில் லெட்ஜர் தியரி கணக்குப்படியும் தப்பு.

இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு ரோலர் கோஸ்டர் மேல் மரியாதையே வந்தது. அது பயமுறுத்துகிற விஷயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பயமுறுத்துவது சுலபம். 1895-ல் கோனி ஐலண்டில் ஃப்ளிப் ஃப்ளாப் என்று ஒன்று கட்டினார்கள். சுத்த வட்டமாக ஒரு சுற்று. ஏறினவர்கள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். அந்த வட்டத்தை, மேலே குறுகிய கண்ணீர்த் துளி வடிவமாக மாற்றி, கழுத்து சுளுக்காமல் தலைகீழாகச் சுற்றுகிற நவீன கோஸ்டரை 1976-ல் கலிஃபோர்னியாவில் கொண்டுவர எண்பது வருஷம் ஆயிற்று. பயத்தைக் கண்டுபிடிக்க ஒரு நாள் போதும். பத்திரத்தைக் கண்டுபிடிக்கத்தான் எண்பது வருஷம்.

கோஸ்டர் பெட்டிக்கு மூன்று வகைச் சக்கரங்கள். மேலே ஓட ஒன்று, பக்கவாட்டில் நகராமல் இருக்க ஒன்று, தண்டவாளத்துக்கு அடியில் கவ்விப் பிடிக்க ஒன்று. அடிச் சக்கரம் ஜான் மில்லர் என்பவர் 1919-ல் பேடன்ட் வாங்கிய சமாசாரம். பெட்டி பறக்கவே முடியாது. ஏற்றத்தில் 'டக் டக் டக்' என்று கேட்கிறதே, அது சங்கிலி அறுந்தாலும் பின்னால் உருளாமல் பல்லில் விழுகிற கொக்கி. பாதையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியில் ஒரு ரயில் இருந்தால் அடுத்ததை உள்ளே விடாது கம்ப்யூட்டர். பல கோஸ்டர்களில் கடைசியில் பிடிப்பது காந்த பிரேக். உரசலே கிடையாது, கரண்ட் போனாலும் பிடிக்கும். காலையில் உங்களுக்கு முன்னால் காலி ரயில் ஓடிப் பார்த்திருக்கும்.

ஏற்காடு பாதையில் இதெல்லாம் யார் செய்வது? கோடை விழாக் கூட்டத்தில் போலீஸார் அடிவாரம் வழியாக ஏற விட்டு, குப்பனூர் வழியாக இறங்க விடுவார்களே, அது கொஞ்சம் கோஸ்டர் புத்திசாலித்தனம். மற்ற நாட்களில் கொக்கியும் நாம்தான், அடிச் சக்கரமும் நாம்தான், கம்ப்யூட்டரும் நாம்தான். 2024 ஏப்ரல் 30-ஆம் தேதி சேலத்துக்கு இறங்கிய தனியார் பஸ் ஒன்று 13-வது வளைவில் தடுப்பை உடைத்துக்கொண்டு கீழே விழுந்தது. உயிர்கள் போயின. ஐம்பது பேருக்கு மேல் காயம். அதில் யாரும் த்ரில்லுக்காக ஏறினவர்கள் இல்லை. வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். நம் பையன்கள் ஒரு கையில் செல்போன் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டு இறங்குகிற அதே பாதையில்தான் அவர்களும் வருகிறார்கள். கோஸ்டரில் எதிரே யாரும் வருவதில்லை ஸார்.

ஆகவே ஓமலூர்க்காரரே, தாராளமாக உங்கள் பக்கம் தீம் பார்க் வரட்டும். தரையில் வரட்டும். திறக்கிற அன்றைக்கு முதல் ஆளாக க்யூவில் நிற்பேன். மலையில் மட்டும் வேண்டாம். த்ரில் வேண்டும் என்றால் சேலம் புது பஸ் ஸ்டாண்டில் ஏற்காடு பஸ் ஏறுங்கள், முன் ஜன்னல் ஸீட்டைப் பிடியுங்கள். இறங்கும்போது ஒவ்வொரு வளைவுக்கும் டிரைவர் கியரைக் குறைக்கிற சத்தத்தைக் கேளுங்கள். தஞ்சோராவுக்கு ஏங்கினவன் சொல்கிறேன், அந்த 'கர்ர்ர்' எனக்கு அதைவிடப் பிடிக்கும்.

லெட்ஜர் இப்போது கோயமுத்தூரில் இருக்கிறான். மழைக்கு முன்னால் மணிக்கட்டு வலிக்கிறதாம். போன மாதம் பேசும்போது பழைய நோட்டைப் பார்த்து ஞாபகமாகப் படித்துக் காட்டினான். ஏற்காடு பயணம், வரவு 20 ரூபாய். செலவு: மாவுக்கட்டு, எக்ஸ்ரே, மூக்குக் கண்ணாடி, பிரேக் ஷூ, ஹேண்டில்பார், இண்டிகேட்டர்... மொத்தம் 6,140.

"இருபதைக் கழிச்சுட்டியாடா?" என்றேன்.

"கழிச்சாச்சு" என்றான்.