நாலு பேர் என்ன சொல்வார்கள்?



நம் குடும்பங்களில் பல காரியங்களை முடிவு செய்பவர் தந்தையுமல்லர், தாயுமல்லர். 'நாலு பேர்' என்னும் பெயரற்ற கூட்டமே. பிள்ளையின் புதுநன்மை விருந்துக்கு வட்டிக்குக் கடன் வாங்குவது அவர்களுக்காக. மணப்பெண்ணுக்கு இத்தனை பவுன் என்று பேரம் பேசுவது அவர்களுக்காக. பகைத்திருக்கும் உடன்பிறந்தானோடு ஒப்புரவாக மனமிருந்தும், முதலில் போய்ப் பேசினால் தாழ்வாகிவிடுமோ எனத் தயங்குவதும் அவர்களுக்காகவே.

இது புதிய நோயன்று. தருமம், செபம், நோன்பு ஆகிய மூன்றையும் குறித்து ஆண்டவர் மலைப்பொழிவில் போதித்தபோது, மனிதர் காணவேண்டும் என்பதற்காக அவற்றைச் செய்யலாகாது என்று மும்முறையும் எச்சரித்தார். இயேசுவை உள்ளத்தில் நம்பியும், தொழுகைக்கூடத்திலிருந்து விலக்கப்படுவோமோ என்னும் அச்சத்தால் வாய் திறவாதிருந்த தலைவர்களைப் பற்றி யோவான் தம் நற்செய்தியின் 12-ஆம் அதிகாரத்தில் வருத்தத்தோடு குறிப்பிடுகிறார்.

இதற்கு நேர்மாறாக வாழ்ந்த ஒரு குடும்பத் தலைவரை இம்மாதம் உங்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறேன். அவர் துறவியல்லர், குருவுமல்லர். ஆஸ்திரிய நாட்டில், புனித ராடெகுண்ட் என்னும் சிற்றூரில் 1907-இல் பிறந்த விவசாயி பிரான்ஸ் யேகர்ஷ்டெட்டர். இளமையில் சற்று முரட்டுத்தனமாகத் திரிந்தவர்தாம். 1936-இல் பிரான்சிஸ்கா என்னும் பக்தியுள்ள பெண்ணை மணந்தார். இருவரும் சேர்ந்து செபிக்கவும் மறைநூல் வாசிக்கவும் தொடங்கினர். மூன்று பெண் குழந்தைகள் பிறந்தனர். பின்னர் தம் பங்கு ஆலயத்தில் கோவிற்பிள்ளையாகவும் அவர் பணிபுரிந்தார்.

1938-இல் இட்லர் ஆஸ்திரியாவைத் தன் நாட்டோடு இணைத்து, மக்களிடம் அதற்கு ஒப்புதல் வாக்குக் கேட்டபோது, அவ்வூரில் 'வேண்டாம்' என்று வாக்களித்தவர் இவர் ஒருவரே. போர் மூண்டது. அது அநியாயமான போர் என்றும், அதில் படைக்கருவி ஏந்துவது பாவம் என்றும் அவர் மனச்சான்று சொல்லிற்று. ஊரார் ஏசினர், உறவினர் மன்றாடினர். அவர் லிஞ்சு நகர் ஆயரிடமே சென்று கேட்டபோது, ஆயரும் குடும்பப் பொறுப்பை நினைவூட்டி அனுப்பிவிட்டார். ஆயினும் 1943 மார்ச் மாதம் படைக்கு அழைக்கப்பட்டபோது அவர் ஆயுதம் ஏந்த மறுத்தார். காயமுற்றோருக்குப் பணிசெய்ய முன்வந்தும் பயனில்லை. சூலை 6-ஆம் நாள் பெர்லின் இராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 1943 ஆகஸ்டு 9-ஆம் நாள் அவர் தலை வெட்டப்பட்டது. வயது 36.

இங்கே ஒரு கேள்வி எழலாம். 'ஊரும் உறவும் ஒன்றைச் சொல்ல, தான் பிடித்ததே சரி என நிற்பது செருக்கு ஆகாதா? அது கடவுளின் விருப்பம்தான் என்பது எப்படித் தெரியும்?' நியாயமான கேள்வி. பிடிவாதக்காரன் யாரிடமும் ஆலோசனை கேட்பதில்லை. இவரோ குருக்களையும் ஆயரையும் தேடிச் சென்று கேட்டார். தம் ஐயங்களையெல்லாம் எழுதிவைத்து ஆராய்ந்தார். மறைநூலின் முன்னும் நற்கருணையின் முன்னும் வைத்துச் செபித்தார். போருக்குச் சென்றவர்களை அவர் பழிக்கவுமில்லை. மனிதரின் புகழை மட்டுமன்று, தம் சொந்த நலனையும் உயிரையும் இழக்க வேண்டியிருந்தும் அவர் மனம் மாறவில்லை. இவையே நல்ல அடையாளங்கள். எதையும் இழக்காமல், பிறரைத் தூற்றிக்கொண்டே 'கடவுளுக்காக நிற்கிறேன்' என்போமானால், நம்மை நாமே சோதித்தறிய வேண்டும்.

அவர் மனைவியையும் மறக்கலாகாது. முதலில் கணவரின் மனத்தை மாற்ற முயன்ற அப்பெண்மணி, அவருக்குத் துணைநிற்க ஒருவருமில்லை என்பதைக் கண்டு, தாமே துணைநின்றார். கணவரின் சாவுக்கு அவரே காரணம் என ஊர் பழித்தது. விதவைக்குரிய உதவித்தொகையும் பல ஆண்டுகள் மறுக்கப்பட்டது. அத்தனையையும் தாங்கி, நிலத்தில் உழைத்து, பிள்ளைகளை வளர்த்தார். 2007 அக்டோபர் 26-ஆம் நாள் லிஞ்சுப் பேராலயத்தில் திருச்சபை அவர் கணவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தியபோது, 94 வயது மூதாட்டியாக அவர் அங்கே இருந்தார். 2013-இல் நூறு வயது நிறைந்தபின் இறைவனடி சேர்ந்தார்.

அந்த நாளைக் காணாமலே அவர் இறந்திருந்தாலும், பிரான்ஸ் செய்தது சரியாகவே இருந்திருக்கும். பிற்காலத்தில் கிடைக்கும் பாராட்டும் மனிதரின் பாராட்டே. அதை எதிர்பார்த்து அவர் உயிரைக் கொடுக்கவில்லை.

அன்பர்களே, நம்மில் பெரும்பாலோர்க்கு அத்தகைய சோதனை வரப்போவதில்லை. ஆனால் வரதட்சணை வேண்டாமெனச் சொல்லும் மகனைப் பெற்றோர் தடுக்காதிருக்கலாம். கடனின்றி, வீட்டில் உள்ளதைக் கொண்டு புதுநன்மை நாளைக் கொண்டாடலாம். அலுவலகத்தில் பொய்க்கணக்கில் கையெழுத்திட மறுக்கும் கணவரை, 'பிழைக்கத் தெரியாதவர்' என்று மனைவி ஏளனம் செய்யாதிருக்கலாம். ஊர் முழுதும் எதிர்த்து நிற்பவரால்கூட, வீட்டில் ஒருவர் உடன் நின்றால் தாங்கிக்கொள்ள முடியும்.

இன்றிரவு குடும்ப செபம் முடிந்ததும், உங்கள் வீட்டில் முடிவாகாமல் நிற்கும் ஒரு காரியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு பேரைச் சற்று வெளியே நிறுத்திவிட்டு, 'ஆண்டவரே, இதில் உமக்கு விருப்பமானது எது?' என்று அனைவரும் சேர்ந்து கேளுங்கள். கேட்ட பின் அதன்படி செய்ய அவரே உங்களுக்குத் திடம் அருள்வாராக.

இறையன்பில்,
உங்கள் பங்குத் தந்தை