கரையில் நில்லாத பெண்கள்

நெய்தல் திணையைக் கற்பிக்கும்போதெல்லாம் நமக்கொரு நெருடல் உண்டு. கடலுக்கு நெடுந்தொலைவிலுள்ள அரூரில் அமர்ந்து, தலைவி கரையில் நின்று இரங்குகிறாள் என்று சொல்லிச் செல்கிறோம். பெண்ணை உடன்கொண்டு கடற்செலவு மேற்கொள்ளும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பிய அகத்திணையியலும் வரையறுத்துவிடுகிறது. காத்திருத்தலே பெண்ணுக்குரியது என மாணவர் மனத்தில் பதிந்துவிடுகிறது.

19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல்களில், தலைவர்களின் மனைவியர் சிலர் இதற்கு மாறாக வாழ்ந்தனர். ஒரு பயணம் 3, 4 ஆண்டுகள் நீளும். ஆகவே கணவரோடு தாமும் கப்பலேறினர். மேரி சிப்மன் லாரன்ஸ் 1856-இல் தம் சிறுமகளுடன் 'அடிசன்' கப்பலில் புறப்பட்டு, 1860-இல் நியூ பெட்ஃபோர்டு திரும்பினார். எலைசா வில்லியம்ஸ் 1858-இல் தொடங்கிய பயணத்தினிடையே இரு குழந்தைகளைப் பெற்றார். கொழுப்பு காய்ச்சும் புகை, நாற்றம், வேறொரு பெண்முகம் காணாத மாதங்கள். எளிய வாழ்வன்று அது. எனினும் அவர்களுக்குத் தனியறை இருந்தது, எழுத்தறிவும் இருந்தது. இருவரும் எழுதிய நாட்குறிப்புகள் நூறாண்டு கழித்து நூல்களாயின.

மேரி கரை திரும்பிய அதே 1860-இல், சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்னும் கப்பல் புறப்பட்டது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கான ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச்சென்று நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. 300-க்கும் மேற்பட்டோர், அவர்களுள் பெண்களும் இருந்தனர். இலக்கணம் இல்லையென்றதை வறுமை உண்டாக்கிவிட்டது. அப்பெண்களைப் பற்றி நமக்கு எஞ்சியிருப்பது பெயரும் அகவையும் எண்ணும் கொண்ட கப்பற் பட்டியலே.

பாரதி பாடவில்லையா என்று கேட்கலாம். பாடினார், ஃபிஜித் தீவின் கரும்புத் தோட்டப் பெண்களுக்காக நெஞ்சுருகினார். ஆனால் அது இரங்கியவரின் குரல். கடந்தவளின் குரல் அன்று. இரண்டும் ஒன்றாகா. கப்பல் தலைவரின் மனைவியினும் நம் பெண் குறைவாகக் கண்டாள் என்பதற்கில்லை. எழுதக் கையில் ஒன்றுமில்லை, எழுதித்தரவும் எவருமில்லை.

இழப்பு அத்தோடு முடிந்ததாகவும் தெரியவில்லை. அரூர்ப் பேருந்து நிலையத்தில் மூட்டை முடிச்சுகளோடு பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கணவருடன் பேருந்தேறும் பெண்களுக்கும் குறிப்பேடு இல்லை. ஆனால் அவர்தம் மக்கள் நம் வகுப்பில் இருக்கிறார்கள். தாயின் பயணத்தை அவள் வாய்மொழியாகக் கேட்டு ஒரு பக்கம் எழுதி வருக என்பதையே, இனி நெய்தல் பாடத்தின் முதற்பயிற்சியாக வைப்போம்.