பக்கத்துத் திரையும் உங்களுடையதுதான்



வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பலர் லேப்டாப்புக்குத் துணையாக ஒரு மானிட்டர் வாங்கியிருக்கிறீர்கள். ஆனால் அதில் மெயிலைத் திறந்து வைத்துவிட்டு, மற்ற எல்லா வேலைக்கும் பழையபடி சின்னத் திரையிலேயே மல்லுக்கட்டுபவர்கள்தான் அதிகம். அந்தக் கண்களையும் கழுத்தையும் நினைத்துத்தான் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

முதலில் காசு செலவில்லாத வேலை. விண்டோஸில் டிஸ்ப்ளே செட்டிங்ஸைத் திறந்தால் 1, 2 என்று இரு கட்டங்கள் தெரியும். மேஜையில் மானிட்டர் எந்தப் பக்கம் இருக்கிறதோ, கட்டத்தையும் அந்தப் பக்கம் இழுத்து வையுங்கள். உயரத்தையும் கவனியுங்கள். கட்டம் மேலே கீழே விலகியிருந்தால், மவுஸ் சில இடங்களில் ஓரத்தில் முட்டிக்கொண்டு அடுத்த திரைக்குப் போகாமல் நிற்கலாம். பலரையும் படுத்தும் தொல்லை இது. சரிசெய்ய அரை நிமிடம் போதும். ஒரு விண்டோவை அடுத்த திரைக்கு அனுப்ப விண்டோஸ் விசை, ஷிஃப்ட் இரண்டையும் பிடித்தபடி பக்கவாட்டு அம்புக்குறியைத் தட்டுங்கள்.

விண்டோஸ் 98 காலத்திலேயே பல திரை வசதி வந்துவிட்டது. ஆனால் 2012இல் விண்டோஸ் 8 வரும்வரை டாஸ்க்பார் ஒரு திரையில் மட்டும்தான். அந்தக் குறையைத் தீர்த்துப் பேர் வாங்கியவை அல்ட்ராமான், டிஸ்ப்ளேஃப்யூஷன் போன்ற மென்பொருள்கள். இன்று இரண்டு திரைக்காரர்களுக்கு அவற்றைக் காசு கொடுத்து வாங்கும் தேவை இல்லை என்பது என் கருத்து. மூன்று, நான்கு திரை வைத்திருப்பவர்கள் டிஸ்ப்ளேஃப்யூஷனின் இலவசப் பதிப்பைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

நான் மனதாரப் பரிந்துரைப்பது, மைக்ரோசாஃப்ட் இலவசமாகவே தரும் பவர்டாய்ஸ் தொகுப்பிலுள்ள ஃபேன்சிஸோன்ஸ். ஒவ்வொரு திரையையும் நமக்கு வேண்டிய அளவில் பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளலாம். ஷிஃப்ட்டைப் பிடித்தபடி விண்டோவை இழுத்தால் பகுதிகள் நிறம் மாறித் தெரியும். விட்ட இடத்தில் கச்சிதமாக உட்காரும். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் மூலத்தை ஒரு பக்கமும் தமிழை நடுவிலும் அகராதியை ஓரத்து ஒல்லிப் பகுதியிலும் வைத்துக்கொண்டால், நாளெல்லாம் ஆல்ட்-டேப் தட்ட வேண்டியதில்லை. லேப்டாப்பை அடிக்கடி கழற்றி மாட்டுபவர்கள், விண்டோக்களின் இடத்தை நினைவில் வைக்கும் வசதி விண்டோஸ் 11இல் இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரவில் வேலை செய்பவர்களுக்கு ட்விங்கிள் ட்ரே என்ற மென்பொருள் உதவும். பெரும்பாலான மானிட்டர்களின் வெளிச்சத்தை மவுஸாலேயே குறைக்கலாம், இதுவும் இலவசம்தான்.

இன்றே உங்கள் திரைகளை ஒழுங்குபடுத்துங்கள். எந்தத் திரையில் எதை வைத்தீர்கள், வேலை எப்படி மாறியது என்று எங்களுக்கு எழுதுங்கள். பயனுள்ள கடிதங்களை அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்