ஆய்வுகூடத்துக்கு முந்திய இரவு



கினிகத்தேனை, ஹட்டன், நாவலப்பிட்டி என்று நம் மலைநாட்டு ஊர்களிலிருந்து பெண் பிள்ளைகள் மருத்துவமும் தாதியமும் படிக்கப் போகும் காலம் இது. அல்ஹம்துலில்லாஹ்! உயர்தரம் வரை தமிழில் படித்த பிள்ளை, பேராதனை மருத்துவ பீடத்துக்குப் போனதும் உடற்றொழிலியலை ஆங்கிலத்தில் படிக்க வேண்டியிருக்கிறது. விரிவுரை விளங்காவிட்டால் பிறகு வாசித்துக்கொள்ளலாம். ஆய்வுகூடச் செய்முறை அப்படியல்ல. குறித்த நேரத்துக்குள் கருவியைக் கையாண்டு, அளந்து, எழுதி முடிக்க வேண்டும்.

தயாரிப்பில்லாமல் போகும் பிள்ளைக்கு என்ன நடக்கிறது? கருவி கைக்கு வருவதற்குள் நேரம் போய்விடுகிறது. பக்கத்துப் பிள்ளையின் இலக்கத்தைப் பார்த்துத் தன் கொப்பியில் எழுதிக்கொள்கிறாள். இது சின்ன விஷயம் என்று எண்ணாதீர்கள். காதால் கேட்காததைக் கேட்டதாக எழுதுவது பொய். இன்று கொப்பியில் பழகும் பொய், நாளை நோயாளியின் கட்டிலருகே தொங்கும் அட்டையில் போய் நிற்கும். அங்கே அது ஓர் உயிரின் கணக்கு. ஆகவே முந்திய இரவின் தயாரிப்பு பரீட்சைப் புள்ளிக்காக மட்டுமல்ல, அது ஓர் அமானிதம்.

என்ன தயாரிப்பு? குருதியமுக்கம் அளக்கும் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். செய்முறைக் கையேட்டை இஷாவுக்குப் பிறகு ஒருமுறை வாசித்து, விளங்காத ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் பொருள் எழுதிக்கொள்ள வேண்டும். பின்னர் கையேட்டை மூடிவிட்டுப் படிகளைத் தன் வார்த்தையில் சொல்லிப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் ஆறியிருக்க வேண்டும். பட்டி சுற்றிய கை இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். முதலில் மணிக்கட்டு நாடியைத் தொட்டுக்கொண்டே காற்றடித்து, நாடி மறையும் அளவைப் பார்க்க வேண்டும். அதற்கு மேல் 30 அலகு ஏற்றி, நாடித்துடிப்புக் கேட்கும் குழாயைக் காதில் வைத்து மெல்ல இறக்க வேண்டும். முதல் ஒலி கேட்கும் இடம் மேல் அளவு. ஒலி மறையும் இடம் கீழ் அளவு. இந்த ஒலிகளை 1905ஆம் ஆண்டு விவரித்தவர் ரஷ்ய மருத்துவர் கொரொட்கொவ். பெறுபேறு எழுதும் அட்டவணையையும் வீட்டிலேயே கோடு போட்டு வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

இன்னும் சில. அளப்பதற்கு அரை மணிக்கு முன் தேநீர் வேண்டாம், அளவு கூடும். நம் ஊரில் இதுதான் கஷ்டமான நிபந்தனை! சட்டைக் கை தளர்வாக இருக்கட்டும். கேட்குங்குழாய் காதில் சரியாகப் பொருந்தும்படி முக்காட்டைக் கட்டிக்கொள்ளுங்கள். மாணவர்கள் ஒருவரை ஒருவர் அளப்பதால், பெண் பிள்ளையோடு சோடி சேர்க்கும்படி முன்கூட்டியே ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மார்க்க விஷயத்திலும் தயாரிப்புத் தேவை. நமது ஷாஃபிஈ மத்ஹபின்படி, விரலில் ஊசி குத்திக் குருதி எடுப்பதால் வுழூ முறியாது, நோன்பும் முறியாது. பட்ட குருதியைக் கழுவிக்கொண்டால் போதும். அந்நிய ஆணின் தோலோடு தோல் பட்டால் வுழூ முறியும். சிறுநீரகத்தின் வேலையைப் பார்க்க ஒரு லீற்றர் அளவு தண்ணீர் குடித்து, சிறுநீரை அளக்கும் பாடம் ஒன்றுண்டு. அது ரமழானில் வந்தால், நோன்பாளி தண்ணீர் குடிப்பவராக இருக்காமல், அளந்து எழுதுபவராக இருக்கலாம். அன்று காலையில் போய்த் தடுமாறாமல், முதலிலேயே சொல்லிவிடுவது அழகு.

“இது துன்யாவின் படிப்புத்தானே” என்று சில பெரியவர்கள் சொல்வதுண்டு. இப்னு நஃபீஸ் (ரஹ்) அவர்களை நினைத்துப் பாருங்கள். கெய்ரோவில் ஷாஃபிஈ ஃபிக்ஹ் கற்பித்த அறிஞர் அவர், மருத்துவரும் அவரே. இதயத்தின் நடுச்சுவரில் துளைகள் உண்டு, அதன் வழியே குருதி இடப்பக்கம் போகிறது என்று கேலன் சொன்னதை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக ஓதிவந்தார்கள். சுவரில் துளையில்லை, குருதி நுரையீரல் வழியாகவே செல்கிறது என்று 1242இல் எழுதினார் அவர். ஹார்வியின் நூல் வந்தது 1628இல்தான். பெரியவர் சொன்னார் என்பதற்காக உண்மையல்லாததை அவர் திருப்பி எழுதவில்லை. நம் பிள்ளையும் தன் அளவு 120/80 ஆக வராவிட்டால், வந்ததையே எழுதட்டும்.

உம்மாமாரே, உங்களுக்கும் இதில் பங்குண்டு. விடுமுறைக்கு வந்த பிள்ளை திங்கள் விடியலில் நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் பஸ் ஏற வேண்டும். ஞாயிறு பின்னேரம் கலியாண வீடு, விருந்தாளிக்குச் சமையல் என்று அவளை இரவு பதினொரு மணி வரை நிறுத்தி வைத்தால், அவள் எப்போது கையேட்டைத் திறப்பாள்? மகன் படித்தால் சத்தம் போடாதே என்கிறோம். மகள் படித்தால் தேங்காய் துருவக் கூப்பிடுகிறோம். அந்த ஓர் இரவில் இரண்டு மணித்தியாலத்தை அவளுக்கு விட்டுக்கொடுங்கள். பெண் வைத்தியர் இல்லையே என்று குறைப்படும் நாம், பெண் வைத்தியரை உருவாக்கும் நேரத்தை அடுப்படியில் செலவழிக்கலாமா?

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கக் கற்றுத்தந்தவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். கையேட்டை வாசித்துவிட்டுத் துஆச் செய்வோம். அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், உண்மை எழுதும் கையையும் தந்தருள்வானாக! ஆமீன்.