புடவையை எங்கே மாட்டறது?

அக்கா பையன் வடக்கே டிசைன் படிக்கிறான். 'கோலம் போடக் கத்துக்க நாலு வருஷமா?' என்று பாட்டி கேட்டதிலிருந்து அவன் படிப்பைப் பற்றி வீட்டில் பேச்சே எடுப்பதில்லை. லீவில் ஸ்ரீரங்கம் வந்தவன் முதல் நாளே புலம்பினான். சமூக நோக்கத்தோடு நடக்கிற டிசைன் நிறுவனம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து கட்டுரை எழுத வேண்டுமாம். சக மாணவர்கள் பெங்களூரில் கண்ணாடிக் கதவு போட்ட ஆபீஸ்களுக்குப் போய் ஓசிக் காபி குடித்துவிட்டு வந்துவிட்டார்களாம்.

"இங்கே அந்த மாதிரி ஏஜென்ஸி ஏதாவது இருக்கா மாமா?"

"இருக்கே. 1987லேர்ந்து இருக்கு. பேர் கிராமாலயா."

"என்ன டிசைன் பண்றா?"

"கக்கூஸ்."

முகம் சுருங்கிவிட்டது. பையனுக்கு ஈம்ஸ் என்றால் உயிர். சார்லஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதி 1958ல் நம் அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்த அறிக்கையால்தான் 1961ல் ஆமதாபாத்தில் தேசிய டிசைன் கழகமே வந்தது. அதில் அவர்கள் மாய்ந்து மாய்ந்து புகழ்ந்த பொருள், நம் செம்பு! அந்தச் செம்போடு விடிகாலையில் நம் ஜனங்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்பதை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

மறுநாள் தொட்டியம் பஸ் ஏறினோம். வழியில் முசிறி. "இந்த ஊரில் ஒரு காலத்தில் கக்கூஸ் போனால் காசு கொடுத்தார்கள்" என்றேன். நம்பவில்லை. 'ஸ்கோப்' சுப்புராமன் அங்கே கட்டிய பொதுக் கழிப்பறை அது. காவிரிக் கரை ஊர். கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். குழி வெட்டினால் கிணறு கெடும். அதனால் தரைக்கு மேலே அறை கட்டி, மூத்திரம் ஒரு வழி, மலம் ஒரு வழி என்று பிரித்து, கழுவுவதற்குத் தனி இடம், போனபின் ஒரு பிடி சாம்பல். இரண்டுமே வயலுக்கு உரம். 2008 வாக்கில் தடவைக்கு 10 பைசா கொடுத்தார்கள். ஒழுங்காகப் போகிறவருக்கு மாதக் கடைசியில் கொஞ்சம் காசு தேறியது.

(சுப்புராமனுக்கு 2021ல் பத்மஸ்ரீ. கிராமாலயா தாமோதரனுக்கு 2022ல். ஒரே ஜில்லா, அடுத்தடுத்த வருஷம், இரண்டும் கக்கூஸுக்கு. நாம் மலைக்கோட்டையை மட்டும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.)

தொட்டியம் பக்கத்தில் கிராமாலயா மாதிரிக் கழிப்பறைகளாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஜவுளிக் கடையில் புடவை பார்க்கிற மாதிரி, கையில் இருக்கிற காசுக்குத் தகுந்ததைப் பார்க்கலாம். பீங்கானின் சரிவைச் செங்குத்தாக்கி இருப்பதால் இரண்டு செம்புத் தண்ணீர் போதும். பின்னால் இரண்டு குழி. ஒன்று நிரம்பினால் அடைத்துவிட்டு அடுத்ததற்குத் திருப்பிவிட வேண்டியது. இரண்டு வருஷத்தில் முதல் குழி மக்கி, நாற்றமே இல்லாத உரம். ஒரு பிடி எடுத்துக் காட்டினார்கள். அசல் காபிப்பொடி மாதிரி இருந்தது. பையன் அன்று சாயங்காலம் பாட்டி போட்ட காபியைத் தொடவில்லை.

எனக்கு அந்தக் குழிகளைப் பார்த்ததும் வேறு ஞாபகம் வந்தது. என் சின்ன வயதில் எங்கள் வீட்டில் கொல்லைக் கடைசியில் கக்கூஸ், அதற்குப் பின்னால் ஒரு சந்து, முழங்கால் உயரத்துக்கு ஒரு தகரக் கதவு. அந்த வழியாக ஒரு அம்மாள் தினமும் வந்து கூடையில் வாரிக்கொண்டு போவாள். அவள் பெயர் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. வருகிறவள் கண்ணில் படக்கூடாது என்று யோசித்துக் கட்டிய சந்து அது. யோசித்துப் பார்த்தால் அதுவும் டிசைன்தான். 1993ல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். போதாமல் 2013ல் மறுபடி ஒன்று.

இதைச் சொன்னபோது பையன் பதில் பேசவில்லை. ராத்திரி வெகுநேரம் விளக்கைப் போட்டுக்கொண்டு ஏதோ வரைந்தான்.

மறுநாள் திருச்சிக்குள் ஒரு குடியிருப்பு. பெண்கள் குழுவே முறை வைத்துக் காசு வாங்கி, கணக்கெழுதி நடத்துகிற பொதுக் கழிப்பறை. வாசலில் இருந்த அம்மாளிடம் தன் படத்தை நீட்டினான். வளைந்த சுவர், மயில் நீலக் கதவு, வாசலில் சின்னதாகத் தாமரை.

அந்த அம்மாள் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "படம் நல்லாத்தான் இருக்கு தம்பி. உள்ளே பொடவையை எங்க மாட்டறது?"

இவன் விழித்தான்.

"லைட்டு எங்க? தீட்டுத் துணி போட வாளி? இது கட்டறதுக்கு முந்தி இருட்டற வரைக்கும் அடக்கிக்கிட்டுக் கெடப்போம் தம்பி. பகல்ல தண்ணியே குடிக்க மாட்டோம்."

பையன் படத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நோட்டை எடுத்தான். ஒண்ணரை மணி நேரம் அந்த அம்மாள் சொல்லச் சொல்ல எழுதினான். நான் வெளியே டீக்கடையில் இரண்டு டீ குடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சுத்தியலைத் தேடினான். பாட்டியின் பாத்ரூமில் டொக்கு டொக்கென்று சத்தம். கதவுக்குப் பின்னால், பாட்டி கைக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு ஆணி.

"இதுக்குத்தான் லட்ச லட்சமாக் கட்டிப் படிக்கிறானா?" என்றாள் பாட்டி. மறுநாள் காலை அதில் அவளுடைய ஒன்பது கஜம் தொங்கியது.