பிஞ்சு உடம்புக்குத் தாயின் கை



போன மாசம் என் மருமகளுக்கு எட்டாம் மாதத்திலேயே பிரசவம் ஆகிவிட்டது. பெண் குழந்தை, எடை 1,700 கிராம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே, "அத்தை, தொடவே பயமா இருக்கு. என் கை பட்டா ஏதாவது ஆயிடுமோன்னு தோணுது. நீங்களே பார்த்துக்குங்க" என்று அழுதுவிட்டாள்.

அவளைக் கோபிக்க எனக்கு மனசு வரவில்லை. என் முதல் பிள்ளைக்கு நடந்தது ஞாபகம் வந்தது. குளிப்பாட்ட வந்த அம்மாள் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் போட்டு, பதமாகத்தான் எண்ணெய் தேய்த்தார். கடைசியில் மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஊதினார். தினமும் இப்படியே. மூன்றாம் வாரம் இருமல், மூச்சிரைப்பு! "எண்ணெய் நுரையீரலுக்குப் போயிருக்கும்மா" என்றார் டாக்டர். பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தோம். அந்தப் பயத்தில் அடுத்த பிள்ளைக்கு எண்ணெய் தேய்ப்பதையே விட்டுவிட்டேன். அதுவும் தப்பு என்று பின்னால்தான் புரிந்தது. கெடுதல் செய்தது மூக்கில் விட்ட எண்ணெய். தேய்த்த கை அல்ல.

தொடுவது வெறும் கொஞ்சல் என்று நினைக்காதீர்கள். 1978-ல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாத ஓர் ஆஸ்பத்திரியில், டாக்டர் எட்கர் ரே குறைமாதக் குழந்தைகளைத் தாயின் வெற்று மார்பிலேயே வைக்கச் சொன்னார். இதுதான் 'கங்காரு பராமரிப்பு'. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், எடை குறைந்த குழந்தைகளைப் பிறந்த உடனே இப்படி அணைத்து வைத்ததில், முதல் 28 நாளில் நேரும் மரணம் கால் பங்கு குறைந்தது. அமெரிக்காவில் டிஃபனி ஃபீல்ட் குழுவினர் 1986-ல் வெளியிட்ட ஆய்வில், தினம் மூன்று வேளை, 15 நிமிஷம், பத்து நாள் நீவிவிட்ட குறைமாதக் குழந்தைகள் மற்றவர்களைவிட 47 சதவீதம் கூடுதலாக எடை ஏறினார்கள். கை செய்கிற வேலை அப்படி!

மருமகளுக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். முதலில் அணைப்பு. குழந்தைக்குக் குல்லாவும் இடுப்புத் துணியும் மட்டும் போதும். உங்கள் மார்பின் நடுவே நிமிர்த்தி வைத்து, தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, மூக்கும் வாயும் மூடாமல் பார்த்து, துணியால் சுற்றிக் கட்டிக்கொள்ளுங்கள். அப்பாவும் பாட்டியும்கூட இப்படி வைத்துக்கொள்ளலாம்.

எண்ணெய் தேய்ப்பதும் குளியலும் எடை ஏறி, டாக்டர் சரி என்ற பிறகுதான். பால் குடித்த உடனே வேண்டாம். முக்கால் மணி போகட்டும். காற்று வீசாத அறையில், உள்ளங்கையில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டு, இரு கையையும் உரசிச் சூடாக்கிக்கொள்ளுங்கள். காலில் ஆரம்பித்து கை, மார்பு, முதுகு என்று நீவுங்கள். வயிற்றைக் கடிகார முள் சுற்றுகிற பக்கமாகத் தடவுங்கள். குழந்தை முகம் சுளித்து அழுதால் அன்றைக்கு அவ்வளவுதான். காய்ச்சலோ தோலில் புண்ணோ இருந்தால் வேண்டவே வேண்டாம்.

மூக்கு, காது, கண், தொப்புள் எதிலும் எண்ணெய் விடாதீர்கள். மார்பைப் பிதுக்கிப் பால் எடுக்கக் கூடாது, சீழ் கட்டிவிடும். மூக்கை நீவி எடுப்பாக்குவது, கை காலை முறுக்குவது, சாம்பிராணிப் புகை காட்டுவது, எல்லாவற்றுக்கும் ஒரு கும்பிடு!

வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. "உனக்குத் தெரியாது, கொடு இங்கே" என்று குழந்தையைப் பிடுங்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். முதல் நாள் நானும் என் கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்!

நேற்று எடை பார்த்தோம்: 2,150 கிராம். சாயங்காலம் நான் குழந்தையை வாங்கக் கை நீட்டினால், "இருக்கட்டும் அத்தை, இப்பத்தான் தூங்கறா" என்கிறாள் மருமகள், மார்பில் கட்டிய துணியை விலக்காமலே.

எனக்கு வேறென்ன வேண்டும், சொல்லுங்கள்?